நாலு கல் செடியில் மூன்று கூழாகிவிட்டது: தருமபுரிப் பக்கம் லித்தாப்ஸ் வளருமா?

தக்காளிப்பெட்டி (பாலக்கோடு), ஜனவரி 9, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். போன ஆகஸ்ட்டில் இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு நான்கு லித்தாப்ஸ் வாங்கினேன். தபால் செலவோடு 760 ரூபாய். மண் இல்லாமல், வெறும் வேரோடு, பஞ்சில் சுற்றி வந்தன. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் நான்கையும் நட்டேன். மாடிப்படி ஓரம் வைத்தேன், காலை வெயில் நன்றாக வரும் இடம்.

அக்டோபர் வரை குண்டுகுண்டாக, பார்க்கிறவர்கள் எல்லாம் கல்லா செடியா என்று தொட்டுப் பார்க்கும்படி இருந்தன. அப்புறம் மழை. மழை விட்டதும் அம்மா. நான் கடைக்குப் போன பிறகு, "பாவம், காஞ்சு கெடக்குது" என்று அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றியிருக்கிறார். டிசம்பர் கடைசியில் ஒன்றைத் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. அழுகிய வாழைப்பழம் போல. வாடை வேறு. அடுத்த ஐந்து நாளில் இன்னும் இரண்டு போயின.

மிச்சம் ஒன்று. அதுவும் இப்போது நடுவில் வெடித்து, உள்ளே வேறு ஏதோ தெரிகிறது. இதுவும் சாகப்போகிறதா? நம் ஊர் வெயிலுக்கு இது வளரவே வளராதா? வெடித்த இடத்தில் தண்ணீர் விட்டால் கூடிக்கொள்ளும் என்கிறார் அம்மா.

மாடிக்கள்ளி (ஓசூர்), ஜனவரி 9, இரவு 10.40

தம்பி, முதலில் அம்மாவிடமிருந்து அந்தச் சொம்பை வாங்கி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அது வெடிக்கவில்லை, தோல் உரிக்கிறது. பாம்பு சட்டை உரிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செடிக்கு மொத்தமே ஒரு ஜோடி இலைதான். நீங்கள் கல் என்று நினைக்கிற அந்த உருண்டை முழுவதும் இரண்டு தடித்த இலைகள், நடுவில் ஒரு கீறல். தண்டு என்று கண்ணுக்குத் தெரிய ஒன்றும் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கீறலுக்குள்ளிருந்து புது ஜோடி வரும். பழைய ஜோடியில் இருக்கும் தண்ணீரை எல்லாம் புதியது உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் பழையது வெங்காயச் சருகு போல ஒட்டிக்கிடக்கும்.

இந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? பழைய இலை வற்றாது, புதியதும் குடிக்கும், பழையதும் குடிக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு அடுக்காக நின்று, உருவம் கெட்டு, நடுவில் ஈரம் தங்கி அழுகும். உங்கள் மூன்றும் அப்படித்தான் போயிருக்கும். கூடவே மண்புழு உரம், நார்க்கழிவு. அந்தக் கலவையில் தக்காளி நன்றாக வரும், இது வராது.

உயிரோடு இருப்பதை இன்றைக்கே பிடுங்குங்கள். வேரில் ஒட்டிய மண்ணை உதிர்த்துவிட்டு, நிழலில் காகிதத்தின் மேல் நான்கு நாள் போடுங்கள். பயப்படாதீர்கள், இது பஞ்சில் சுற்றித் தபாலில் வந்த செடி. பிறகு கல் கலவையில் நடுங்கள். பழைய இலை சருகாகும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. மார்ச் ஆகலாம். காத்திருங்கள்.

நான் ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். முதல் வருடம் பதினொன்று வாங்கிப் பத்தைக் கொன்றேன். அதனால் உங்கள் கணக்கு ஒன்றும் மோசமில்லை.

ஆட்டுக்கிடை (அஞ்செட்டி), ஜனவரி 10, காலை 6.05

760 ரூபாய்க்குக் கல் வாங்கினீர்களா? எங்கள் ஊருக்கு வாருங்கள், லோடு கணக்கில் தருகிறேன், தண்ணீரே ஊற்ற வேண்டாம்.

சும்மா சொன்னேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பாறை இடுக்கில் வளர்கிற செடி நம் காட்டிலும் உண்டு. ஆடு மேய்க்கும்போது கள்ளிமுளையான் பிடுங்கித் தின்போம். நாலு பட்டையாக, விரல் தடிமனில், இலையே இல்லாமல் நிற்கும். புளியும் மிளகாயும் வைத்து அரைத்தால் சோற்றுக்கு ஆகும். அதை யாரும் தொட்டியில் வைத்துப் பார்த்ததில்லை.

பச்சைப்பலகை (பென்னாகரம்), ஜனவரி 10, காலை 8.20

கள்ளிமுளையானை ஐயா சொன்னது நல்லதாகப் போயிற்று. பாறை மேல் இருக்கும் ஒரு விரற்கடை மண், அதில் வேர், மழை பெய்தால் ஓடிவிடுகிற தண்ணீர். லித்தாப்ஸுக்கும் அதே வாழ்க்கைதான், ஊர் மட்டும் வேறு: தென்னாப்பிரிக்கா, நமீபியா. இரண்டும் உறவு கிடையாது. உண்மையான உறவு யார் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். நம் காட்டில் களையாக முளைக்கிற சாரணை இருக்கிறதே, தக்காளிக்குக் களை வெட்டும்போது கையில் வருமே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். தாவரவியலில் ஐசோயேசி என்பார்கள். பாலக்கோட்டுத் தம்பி வீட்டைச் சுற்றி எத்தனை சாரணையைப் பிடுங்கிப் போட்டாரோ!

இதை முதலில் எழுதிவைத்த வெளிநாட்டார் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயர். 1811-ல் தென்னாப்பிரிக்காவில் பிரீஸ்கா என்ற ஊருக்குப் பக்கத்தில் கல்லாங்காட்டில் போகும்போது, விசித்திரமான கூழாங்கல் ஒன்று கிடக்கிறது என்று குனிந்து எடுத்தார். எடுத்தால் செடி. லித்தாப்ஸ் என்ற பெயர் வந்தது அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1922-ல். என். ஈ. பிரவுன் என்ற தாவரவியலாளர் வைத்தார். கிரேக்கத்தில் கல் முகம் என்று பொருள் வரும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டுவதற்காக ஒரு செடியைக் குறுக்கே வெட்டியிருக்கிறேன் (மாடிக்கள்ளி திட்டக் கூடாது, அது ஏற்கெனவே அடியில் அழுகிய செடி). மேல்பக்கம் பழுப்பு. பச்சையே இல்லை. வெட்டிப் பார்த்தால் நடுவில் நுங்கு போலத் தெளிவான சதை. அதைச் சுற்றி உள்சுவரில், மண்ணுக்குள் இருக்கிற பாகத்தில், மெல்லிய பச்சை வளையம். மேலே தெரிகிற புள்ளியும் கோடும் ஜன்னல். வெயில் அதன் வழியாக உள்ளே இறங்கி, மண்ணுக்கடியில் இருக்கிற பச்சையைப் போய்ச் சேர்கிறது. உடம்பைப் புதைத்துக்கொண்டு தலையை மட்டும் கூரைக் கண்ணாடியாக வைத்திருக்கிறது. பையன் ஒருவன், "டீச்சர், இது எங்க வீட்டு ஓட்டுக்கு நடுவுல வெச்ச கண்ணாடி மாதிரி" என்றான். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

தக்காளிப்பெட்டி (பாலக்கோடு), ஜனவரி 10, மதியம் 1.30

பிடுங்கிவிட்டேன். வேர் நூல் போல இரண்டே இரண்டு இருக்கிறது, மற்றது கறுப்பாகி உதிர்ந்துவிட்டது. பிழைக்குமா?

கல் கலவை என்றால் எந்தக் கல்? கடையில் பியூமிஸ் என்கிற எரிமலை நுரைக்கல் கேட்டேன், பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் அரைக் கிலோவுக்குச் சொல்கிற விலையில் எங்கள் ஊரில் ஒரு பெட்டி தக்காளி வாங்கலாம், சில நாள் இரண்டு பெட்டி.

சிப்ஸ்குவாரி (கிருஷ்ணகிரி), ஜனவரி 10, மாலை 7.15

கிருஷ்ணகிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லுக்கு அலைகிறீர்களே! நான் கிரானைட் பட்டறையில் இருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கிரஷரில் கால் இன்ச் சிப்ஸ் என்று வாங்கினால் இதற்குக் கொஞ்சம் பெரிது. அதைச் சலித்தால் கீழே விழுவதில் துவரம்பருப்பு அளவு முதல் உளுந்து அளவு வரை கிடைக்கும், அதுதான் வேண்டும். அதற்குக் கீழே ரவை போல இருப்பதையும் மாவையும் தள்ளிவிடுங்கள். எம்.சாண்ட் வாங்கி அப்படியே போடுகிறவர்கள் செய்கிற தப்பு இதுதான், அதில் மாவு நிறைய இருக்கும். மூன்று தண்ணீர் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் மோர் போல இருந்தால் இன்னும் கழுவ வேண்டும். தெளிந்தால் போதும்.

பட்டறையில் கல் அறுக்கும்போது வருகிற சேற்றுக் குழம்பு இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாரும் எடுத்துப்போகாதீர்கள். காய்ந்தால் பூச்சு போல இறுகிவிடும், வேரும் மூச்சு விடாது, தண்ணீரும் இறங்காது. அதேபோல் வீடு இடித்த கல், சிமென்ட் ஒட்டிய ஜல்லி வேண்டாம், அதில் சுண்ணாம்புக் காரம் ஏறும்.

நானும் மூன்று வைத்திருக்கிறேன். பட்டறைக் கல்லுக்கு நடுவில் வைத்துவிட்டு, எது செடி என்று வருகிறவர்களிடம் கேட்பதில் ஒரு சந்தோஷம். சாம்பல் கிரானைட் சிப்ஸில் வைத்தால் சலிகோலா என்கிற லித்தாப்ஸ் வகை தெரியவே தெரியாது.

ரோஜாக்கூடாரம் (தளி), ஜனவரி 10, இரவு 9.50

நான் பசுமைக்குடில் ரோஜாவில் வேலை. பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிக்கல்லும் நார்க்கழிவும் கலந்து வைத்து எனக்கு நன்றாகத்தான் வருகிறது. கல்லு கல்லு என்று எல்லோரும் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாடிக்கள்ளி (ஓசூர்), ஜனவரி 10, இரவு 10.25

குடிலுக்குள் உங்களுக்கு மழையும் இல்லை, அம்மாவும் இல்லை அண்ணா. சொட்டு நீரை அளந்து விடுகிறீர்கள், காற்றோட்டத்தைத் திறந்து மூடுகிறீர்கள். மாடியில் நார்க்கழிவு ஒரு மழையில் நனைந்தால் பத்து நாள் ஈரம் பிடித்துவைத்துக்கொள்கிறது. முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை ஏற்கவும் ஏற்காது, ஓரமாக வழிந்து போகும். பெர்லைட்டோ, தண்ணீர் ஊற்றினால் பொரி போல மேலே மிதந்து வருகிறது. உங்களுக்கு ஒத்துவருவது எங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

நான் கலப்பது: கழுவிய சிப்ஸ் ஏழு பங்கு, சலித்த செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைத்தூள் ஒரு பங்கு. இலைத்தூள் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். உரம் எதுவும் வேண்டாம். தொட்டி அகலமாக இல்லாவிட்டாலும் ஆழம் வேண்டும், நாலு விரல் நீளமாவது வேர் இறங்கும். தயிர் விற்கிற சின்ன மண்சட்டியில் அடியில் ஓட்டை போட்டு வைக்கலாம், ஆனால் ஓட்டை போடும்போது மூன்றில் ஒன்று உடையும், அது என் அனுபவம்.

செடியின் முக்கால் பாகம் மண்ணுக்குள் இருக்கட்டும், கழுத்தைச் சுற்றிச் சிப்ஸ் மட்டும். இரண்டு வேர் போதும் தம்பி, பிழைக்கும்.

தக்காளிப்பெட்டி (பாலக்கோடு), பிப்ரவரி 16, காலை 7.30

ஐந்து வாரம் ஆயிற்று. தண்ணீர் ஊற்றவில்லை, சத்தியமாக. பழைய இலை சுருங்கி, பக்கவாட்டில் கோடு கோடாக, வாடிய கத்தரிக்காய் போல இருக்கிறது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஒரு ஸ்பூன் மட்டும் விடலாமா?

மாடிக்கள்ளி (ஓசூர்), பிப்ரவரி 16, காலை 7.41

கூடாது.

பச்சைப்பலகை (பென்னாகரம்), பிப்ரவரி 16, மாலை 5.10

எனக்கு இங்கே ஒரு கேள்வி. பல லித்தாப்ஸ் வகைகளின் ஊரில் மழை வருவதே கோடையில்தான். பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. பின் நாம் ஏன் ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறோம்? அதன் சுபாவத்துக்கு எதிராக இல்லையா?

மாடிக்கள்ளி (ஓசூர்), பிப்ரவரி 16, இரவு 11.05

நல்ல கேள்வி டீச்சர், இதில் நான் நிறையச் செடி இழந்திருக்கிறேன்.

அங்கே கோடையில் பகல் எவ்வளவு சுட்டாலும் பல இடங்களில் இரவு நன்றாகக் குளிர்ந்துவிடும். மேட்டு நிலம், வறண்ட காற்று. பெய்கிற மழை கல் இடுக்கில் இறங்கி மறுநாளே காய்ந்துவிடும். இந்தச் செடி பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை உள்ளே வாங்கும். கள்ளியும் அன்னாசியும் அதே வகைதான், உங்களுக்குத் தெரியும். இரவும் வெக்கையாகவே இருந்தால் அது திறக்கத் தயங்குகிறது, வேலையை நிறுத்திவிடுகிறது. வேலை செய்யாத வேரைச் சுற்றி வெந்நீர் போல ஈரம் நின்றால் அழுகாமல் என்ன செய்யும்?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தருமபுரி அதில் பாதி உயரம்தான். 2004 வரை இரண்டும் ஒரே மாவட்டம், ஆனால் தொப்பூரிலிருந்து தளி வரை ஒரே தட்பவெப்பம் என்று நினைத்தால் செடி போய்விடும். மே மாதம் என் மாடியில் இரவு ஒரு மணிக்கு மேல் போர்வை தேடுவேன். தருமபுரியில் என் அக்கா வீட்டில் அதே இரவில் மாடியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கிறார்கள். எனவே நான் கோடையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பேன். தம்பி அதைப் பின்பற்றக் கூடாது. அவர் மாதம் ஒரு முறை, அதுவும் சூரியன் இறங்கிய பிறகு, மேல்மண் நனைகிற அளவு விட்டால் போதும்.

புத்தகத்திலும் வீடியோவிலும் சொல்கிற மாதக் கணக்கு எல்லாம் வெளிநாட்டு ஜன்னலோரக் கணக்கு. நான் மாதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பழைய இலை இருக்கிறதா? தண்ணீர் இல்லை. பழைய இலை சருகாகிவிட்டதா, புதியது சுருங்குகிறதா, வானம் தெளிவாக இருக்கிறதா? அப்போது தொட்டி ஓட்டையில் ஒழுகும் வரை நன்றாக ஊற்றி, மறுபடி முழுக்கக் காய விடுவேன். தினமும் ஒரு ஸ்பூன் என்பது கெட்ட பழக்கம், மேலேதான் நனையும், அடி வேர் செத்துவிடும். தொட்டுப் பார்த்தால் நெல்லிக்காய் போலக் கெட்டியாக இருக்கிறதா, விட்டுவிடுங்கள். மேல்பரப்பே குழிந்து தொய்ந்தால் யோசியுங்கள்.

நமக்குத் தொல்லை வெயில்கூட இல்லை, அக்டோபர் மழை. சரியாகப் பூக்கிற நேரத்தில் வந்து, தோல் உரிக்கத் தொடங்கும்வரை விடாது பெய்கிறது. அதனால் செப்டம்பர் தொடங்கியதும் என் தொட்டிகள் எல்லாம் ஒளி ஊடுருவுகிற ஷீட்டுக்கு அடியில் போய்விடும். நான்கு பக்கமும் திறந்திருக்கும், மேலே மட்டும் கூரை.

விதைப்பொட்டலம் (ஊத்தங்கரை), பிப்ரவரி 18, காலை 10.00

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் நீலம், ஊதா, ரோஸ் எல்லாம் கலந்த 100 லித்தாப்ஸ் விதை 149 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். முளைத்தது. இரண்டு மாதத்தில் ஒரு அடி வளர்ந்திருக்கிறது. நல்ல வளர்ச்சிதானே?

சிப்ஸ்குவாரி (கிருஷ்ணகிரி), பிப்ரவரி 18, காலை 10.08

அண்ணா, இலையைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். கீரையாக இருந்தால் கடைந்துவிடுங்கள்.

பச்சைப்பலகை (பென்னாகரம்), பிப்ரவரி 18, மாலை 4.45

சிரிக்காதீர்கள், பாவம். நீல லித்தாப்ஸ் என்று ஒன்று கிடையாது. சாம்பல், பழுப்பு, துருச் சிவப்பு, மங்கின பச்சை, அரிதாகச் செம்மை. ஆப்டிகா ரூப்ரா என்ற வகை ஒயின் நிறத்தில் இருக்கும். அதற்கு மேல் வானவில் எல்லாம் கணினியில் பூசியது.

நிஜ விதை கசகசாவை விடச் சின்னது. மண்ணால் மூடக் கூடாது, ஈரமான மணல் மேல் தூவி, கண்ணாடி மூடி, அடித்தட்டில் தண்ணீர் வைக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் பச்சைக் குண்டூசித் தலை போல எழும். ஒரு வருடம் கழிந்தும் பட்டாணி அளவைத் தாண்டாது. பூக்க மூன்று வருடமாவது ஆகும். நாற்றுக்குப் பெரிய செடியின் விதி பொருந்தாது, அதற்கு ஈரம் வேண்டும். பத்து விதை முளைத்து நான்கு நின்றால் கொண்டாடலாம்.

விதை வாங்குகிறவர்கள் கோல் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். டெஸ்மண்ட் கோல் என்பவரும் அவர் மனைவியும் தென்னாப்பிரிக்கா, நமீபியா முழுக்க அலைந்து, எந்தக் குன்றில் எந்த லித்தாப்ஸ் என்று எண் போட்டுப் பதிந்தார்கள். விற்பவர் அந்த எண்ணைச் சொன்னால் விதையின் பூர்வீகம் தெரியும். அவர் தொழில் தாவரவியல் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. மொழியியல் பேராசிரியர். ட்ஸ்வானா மொழிக்கு இலக்கணம் எழுதியவர். ஒருவகையில் நம் தமிழ் ஐயாக்கள் ஞாயிற்றுக்கிழமை நடுகல் தேடிக் காட்டுக்குள் போவது போலத்தான்.

தக்காளிப்பெட்டி (பாலக்கோடு), மார்ச் 14, காலை 6.50

அக்கா! பழைய தோல் முழுக்கச் சருகாகிவிட்டது. உள்ளே ஒன்று இல்லை, இரண்டு தலை! ஒரே வேரில் இரண்டு ஜோடி. நான்கு போய் ஒன்றானது, ஒன்று இரண்டானது.

சருகைப் பிய்க்கலாமா? அம்மா நகத்தால் எடுத்துவிடுகிறேன் என்று நிற்கிறார்.

மாடிக்கள்ளி (ஓசூர்), மார்ச் 14, காலை 7.20

பிய்க்க வேண்டாம். தானாக விழாவிட்டால் இருக்கட்டும், அழுத்தி இழுத்தால் புதுத் தோல் கீறும். இன்று மாலை நன்றாக ஊற்றுங்கள். இந்தத் தடவை அம்மாவையே ஊற்றச் சொல்லுங்கள், இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறார். அரிசித் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

ஊற்றிய மூன்று நாளில் சுருக்கம் போகாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள். அப்படி என்றால் வேரில் மாவுப்பூச்சி இருக்கலாம். மேலே ஒன்றும் தெரியாது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் வெள்ளையாகப் பஞ்சு துணுக்கு ஒட்டியிருக்கும். கழுவி, காய வைத்து, புதுக் கல்லில் நட வேண்டும், பழைய கல்லைக் கொட்டிவிட வேண்டும்.

தக்காளிப்பெட்டி (பாலக்கோடு), மார்ச் 17, இரவு 8.00

சுருக்கம் போய்விட்டது. கோலிக்குண்டு போல இருக்கிறது.

தக்காளிப்பெட்டி (பாலக்கோடு), ஏப்ரல் 27, இரவு 9.30

இன்று மதியம் தொட்டியை நகர்த்தலாம் என்று கை வைத்தேன், வைக்க முடியவில்லை. தோசைக்கல். இன்னும் அதே கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிதான். ஒரு தலையின் ஒரு பக்கம் வெள்ளையாக, காகிதம் போல ஆகிவிட்டது.

சிப்ஸ்குவாரி (கிருஷ்ணகிரி), ஏப்ரல் 27, இரவு 9.55

வெந்துவிட்டது. அந்த வெள்ளை மறுபடி நிறம் மாறாது, அடுத்த தோல் வரும்வரை அந்தத் தழும்போடு இருக்கும். செடி சாகாது.

அந்தத் தொட்டியைப் பெரிய மண்தொட்டிக்குள் வைத்து, இடையில் மணல் நிரப்புங்கள். மணலை மட்டும் ஈரமாக்கினால் போதும், உள்ளே சூடு ஏறாது. மேலே பாதி வெயில் மறைக்கிற நிழல் வலை, பதினொரு மணி முதல் நான்கு மணி வரை. முழு நிழலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் கழுத்து நீண்டு, காளான் குடை போல மேலே வந்துவிடும், அப்புறம் தொட்டாலே சாயும்.

ஆட்டுக்கிடை (அஞ்செட்டி), ஏப்ரல் 28, காலை 5.50

ஒரு கல்லுக்குக் குடை பிடிக்கிற காலம் வந்துவிட்டது. எங்கள் ஆட்டுக்கு இல்லை தம்பி இந்தப் பாக்கியம்.

தக்காளிப்பெட்டி (பாலக்கோடு), ஏப்ரல் 28, மதியம் 2.15

ஐயா, சிரியுங்கள். ஆனால் அடுத்த தடவை அஞ்செட்டி வந்தால் கள்ளிமுளையான் காட்ட வேண்டும்.

ஆட்டுக்கிடை (அஞ்செட்டி), ஏப்ரல் 28, இரவு 7.40

மழை பெய்த பிறகு வாருங்கள். இப்போது வந்தால் சருகுதான். பிடுங்கக் கூடாது, பார்க்கலாம். முன்பு போல இப்போது இல்லை.

மாடிக்கள்ளி (ஓசூர்), ஜூலை 6, இரவு 10.10

என் பக்கச் செய்தி ஒன்று, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும். நேற்று மைனா இரண்டு வந்து ஒன்பது செடியைக் கொத்திவிட்டன. தின்னவில்லை, கிழித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிருக்கின்றன. ஆறு வருடமாக வராதவை. இன்று கோழி வலை வாங்கி மேலே கட்டினேன். லித்தாப்ஸின் ஊரில் ஆமையும் முயலும் தாகத்துக்குக் கடிக்கும் என்பார்கள், அதற்காகத்தான் கல் வேஷம். வேஷம் என் மைனாவிடம் பலிக்கவில்லை. சாம்பல் சிப்ஸில் ஆக்காம்பியே என்கிற பழுப்பு வகையை வைத்தது என் தப்பு.

தக்காளிப்பெட்டி (பாலக்கோடு), அக்டோபர் 19, மாலை 6.30

எழுத நாளாகிவிட்டது. ஷீட் போட்டுவிட்டேன், மழை படவில்லை. போன வாரம் தழும்பு இல்லாத தலையின் கீறலில் இருந்து பச்சையாக ஒரு நாக்கு எட்டிப்பார்த்தது. மறுபடி புது இலை என்று நினைத்தேன். மொட்டு!

நேற்றும் இன்றும் பூத்தது. மதியம் ஒன்றரை வரை மூடியே இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் திறந்துவிட்டது. மஞ்சள், சாமந்தி போல மெல்லிய இதழ்கள், எண்ணிப் பார்க்க முடியவில்லை. பூ செடியை விடப் பெரிது, கல் அடியில் மறைந்தே போயிற்று. சூரியன் இறங்கினதும் குடை மடக்குவது போல மூடிக்கொண்டது. அம்மா பக்கத்து வீட்டு ஆட்களை எல்லாம் கூப்பிட்டு வந்து காட்டினார். ஒருத்தர் தண்ணீர் தெளிக்கப் போனார், அம்மா கையைத் தட்டிவிட்டார்.

இது என்ன வகை? விதை எடுக்க முடியுமா?

மாடிக்கள்ளி (ஓசூர்), அக்டோபர் 19, இரவு 9.15

மஞ்சள் பூ, பழுப்பு முகம் என்றால் லெஸ்லியாயோ ஆக்காம்பியேவோ. முகத்தை நேர் மேலிருந்து படம் போடுங்கள், பார்க்கிறேன். இரண்டுமே நம் ஊரைப் பொறுத்துக்கொள்கிறவை. உங்களுக்கு வேறு மூன்றும் போய் இது நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பச்சைப்பலகை (பென்னாகரம்), அக்டோபர் 19, இரவு 9.40

விதைக்கு இன்னொரு செடி வேண்டும். தன் மகரந்தம் தனக்கு ஆகாது. இன்னொரு தலை பூத்தாலும் பயனில்லை, இரண்டும் ஒரே செடிதான். வேறு செடி, அதே வகை, அதே நாளில் திறந்திருக்க வேண்டும்.

காய் பிடித்தால் அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. காய்ந்து, மரப்பொத்தான் போல மூடியே கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் நட்சத்திரம் போல விரியும், விதை தெரியும். காய்ந்தால் திரும்ப மூடிக்கொள்ளும். மழை வந்தால்தான் கதவு திறக்கும், மழைத்துளி அடித்துத்தான் விதை தெறிக்கும். வகுப்பில் ஒரு காயை நான்கு வருடமாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

சிப்ஸ்குவாரி (கிருஷ்ணகிரி), அக்டோபர் 19, இரவு 10.00

என்னிடம் பூத்திருப்பது வெள்ளை. உதவாது. ஓசூர் அக்காவிடம்தான் மஞ்சள் இருக்கும்.

மாடிக்கள்ளி (ஓசூர்), அக்டோபர் 19, இரவு 10.12

மைனா விட்டுவைத்ததில் இரண்டு ஆக்காம்பியே, மூன்று லெஸ்லியாய் மொட்டு விட்டிருக்கின்றன. நாளையோ மறுநாளோ திறக்கும். படம் பார்த்தேன் தம்பி, உங்களுடையது லெஸ்லியாய்தான். தொட்டியோடு வந்துவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்குள் மாடியில் இருக்க வேண்டும், மேகம் போட்டால் பூ திறக்காது. பிரஷ் நான் வைத்திருக்கிறேன்.

தக்காளிப்பெட்டி (பாலக்கோடு), அக்டோபர் 20, காலை 6.15

வானம் தெளிவாக இருக்கிறது அக்கா. ராயக்கோட்டை வழியாகப் பஸ்ஸில் வருகிறோம். அம்மாவும் வருகிறார். தொட்டியை என்னிடம் தர மாட்டாராம், தன் மடியிலேயே வைத்துக்கொள்வாராம்.